அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எங்களோடு அமர்ந்து படித்தவர்களுக்கு நன்றி

மாட்டுங்கா, சயான், செம்பூர் பகுதிகளில் எங்கள் குடும்பத்துக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

எண்பதை நெருங்கும் எங்கள் தந்தையாருக்கு, இதயத் தசை விரிந்து வலுவிழக்கும் கார்டியோமயோபதி இருப்பது எக்கோ எனப்படும் இதய ஸ்கேனில் தெரிந்தபோது, எங்களை அதைவிட அதிகமாக அச்சுறுத்தியது என்டி-ப்ரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையின் முடிவுதான். அளவு நான்காயிரத்தைத் தாண்டியிருந்தது. அதை வரிவரியாக விளக்கிய இதயநோய் மருத்துவருக்கு எங்கள் முதல் நன்றி. இதய அறையின் சுவர் அழுத்தத்தால் இழுபடும்போது தசைச் செல்கள் வெளியிடும் பொருள் அது என்றும், வயது கூடினாலும் சிறுநீரகம் தளர்ந்தாலும் அதன் அளவு ஏறும் என்றும், பருமனானவர்களிடம் நோய் இருந்தும் குறைவாகக் காட்டக்கூடும் என்றும் அவர் சொன்னார். திடீர் மூச்சுத்திணறலோடு வருபவருக்கு இதயச் செயலிழப்பு என்று கருத, 50 வயதுக்கு உட்பட்டவரிடம் மில்லிலிட்டருக்கு 450 பைகோகிராமும், 75 வயதைக் கடந்தவரிடம் 1800 பைகோகிராமும் வரம்பாகக் கொள்ளப்படுகின்றன என்று அறிந்த பிறகே அந்த எண்ணை அப்பாவின் வயதோடு சேர்த்துப் பார்க்கக் கற்றோம்.

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை என்பதற்காகத் தனியே நன்றி சொல்ல வேண்டும். மாரடைப்பு இல்லாதபோதும் ட்ரோபோனின் என்ற இதயத் தசைப் புரதம் ரத்தத்தில் தொடர்ந்து சற்று உயர்ந்திருப்பது தசைச் செல்கள் மெல்லச் சேதமடைவதைக் குறிக்கும் என்றும், என்டி-ப்ரோபிஎன்பியும் ட்ரோபோனினும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்றும் அப்பாவிடமே சொன்னார். "இன்னும் எத்தனை காலம், டாக்டர்?" என்று அப்பா கேட்டபோது, இந்த அளவுகள் பலரைக் கவனித்துக் கண்டறிந்த போக்கைத்தான் காட்டும், ஒருவருடைய நாளைக் குறிக்க மாட்டா என்று அவர் கையைப் பற்றிக்கொண்டு பதில் சொன்னார். சிகிச்சைக்குப் பின் அளவு முப்பது சதவீதத்துக்கு மேல் குறைவது நல்ல அறிகுறி என்பதையும் அன்றுதான் அறிந்தோம். அப்பாவுக்கு அப்படியே குறைந்தது.

மழைக்காலத்திலும் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்த ஆய்வகத் தம்பிக்கு மனமார்ந்த நன்றி. அப்பா சகுபிட்ரில் என்ற இதயச் செயலிழப்பு மருந்து கலந்த மாத்திரை உட்கொள்வதால், அந்த மருந்தினாலேயே உயரக்கூடிய பிஎன்பி என்ற இதையொத்த பரிசோதனையை விட்டு, முன்பு பார்த்த என்டி-ப்ரோபிஎன்பி பரிசோதனையையே தொடரும்படி அவர்தான் மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளச் சொன்னார். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் குறைந்திருந்ததால் நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்றிய நாளில் உடனிருந்த தமிழ் செவிலியர் அக்காவையும், உப்பைக் குறைத்து அப்பா விரும்பி உண்ணும்படி சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு மாமியையும் நாங்கள் மறக்க மாட்டோம்.

அப்பா இப்போது காலையில் எடை பார்த்துக் குறித்துவைக்கிறார், கால் வீக்கத்தைத் தாமே கவனிக்கிறார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின் ஆகியவற்றின் அளவுகளும் அதே நோட்டில் இருக்கின்றன. தீபாவளிக்குப் பிறகு அடுத்த பரிசோதனை. அதற்கும் அந்தத் தம்பியையே அழைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
அப்பாவின் பிள்ளைகள்,
மாட்டுங்கா, மும்பை.