அமிலமும் ஒரு விளைபொருளே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மக்கும் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னவை சரிதான். ஆனால், இக்கழிவால் கிடைக்கும் பயன் எரிவாயு மட்டுமே என்ற எண்ணத்தை அது ஏற்படுத்திவிடுகிறது.

எரிவாயு எடுக்கும் காற்றுப் புகாத கலனுக்குள் முதலில் நடப்பது நீராற்பகுப்பு. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றின் பெரிய மூலக்கூறுகளை, நுண்ணுயிரிகள் சுரக்கும் நொதிகள் நீரின் துணையோடு சர்க்கரைகளாகவும் அமினோ அமிலங்களாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் சிதைக்கின்றன. இவை நொதித்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களாக மாறிய பிறகே மீத்தேன் உண்டாகும் கட்டம் வருகிறது. நார் மிகுந்த கழிவில் முதல் கட்டமே இழுத்தடிக்கும். தண்டும் சருகும் வாரக்கணக்கில் உருக்குலையாமல் மிதப்பதைக் கலன் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். கழிவுநீர்க் கசடைச் செரிமானக் கலனில் இடுவதற்கு முன், சுமார் 160 டிகிரி செல்சியஸில் அழுத்தத்தோடு அரை மணி நேரம் வேகவைக்கும் ஆலைகள் இருப்பது இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான்.

என் சிறு கலனில் ஒருமுறை மிச்சச் சோற்றை அளவுக்கு மீறிக் கொட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அடுப்பு பற்றவில்லை. வெளிவந்த கரைசலில் காடியும் ஊசிப்போன வெண்ணெயும் கலந்த நெடி. அமிலத்தாளில் பிஎச் (குறையக் குறைய அமிலம் மிகுதி என்று காட்டும் அளவு) 5. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஏறத்தாழ 7 வேண்டும். கழிவு இடுவதை நிறுத்தி, சிறிது சிறிதாகச் சுண்ணாம்பு சேர்த்த பின்னரே கலன் தேறியது.

நான் பழுதென்று நினைத்த அந்த அமிலங்களைத்தான் சிலர் வேண்டுமென்றே விளைவிக்கிறார்கள். மீத்தேனாக மாறவிடாமல் அந்த நிலையிலேயே நிறுத்தி, மக்கும் பிளாஸ்டிக்கைத் தம் உடலுக்குள் சேமிக்கும் பாக்டீரியாக்களுக்கு அவற்றை உணவாக்கலாம். நீர்த்த கரைசலிலிருந்து அமிலத்தைப் பிரிப்பது செலவு மிக்க வேலை என்பதையும் மறைக்கக் கூடாது. வீட்டுக் கலனில் அது ஆகிற காரியமன்று. எனினும், பெரிய ஆலைகளைத் திட்டமிடுவோர் வாயுவின் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியாகாது.

எஞ்சும் கசடைப் பற்றியும் கட்டுரை பேசவில்லை. கழிவிலிருந்த தழைச்சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் வாயுவோடு போய்விடுவதில்லை, கசடிலேயே தங்குகின்றன. ஆனால், கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் கிழிசலும் கலந்து வந்த கழிவின் கசடை எந்த உழவரும் வயலில் விடமாட்டார். கழிவை வீட்டிலேயே தரம் பிரிப்பது பற்றியும், அமிலங்களை மீட்பது பற்றியும் துறை அறிந்த ஒருவரைக் கொண்டு தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்