குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2015–16

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும், இன்று வந்திருக்கும் பதினொரு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம் நடந்தது. தெருவிளக்குக்கு இரண்டு முறை மனு கொடுத்தோம். பொங்கல் கோலப் போட்டி நடக்கவில்லை, கேட்கவும் ஆளில்லை.

இனி கரும்பலகை விஷயம். நவம்பர் மழையில் சென்னையில் அடையாற்றங்கரை ஜாபர்கான்பேட்டையில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோதே, சங்க வாசலில் பலகை மாட்டி, செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தைத் தினமும் எழுதி வந்தேன். முழு மட்டம் 24 அடி என்பதைப் பெயிண்டிலேயே எழுதியிருந்தேன். "செயலாளருக்கு வேறு வேலை இல்லை" என்று சிரித்தவர்களே இப்போது "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள். டிசம்பர் 1 காலையிலும் எழுதினேன். அப்புறம் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. ஏரியிலிருந்து அடையாற்றில் வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டது எனக்கே பிறகு பேப்பர் பார்த்துத்தான் தெரியும். அதுவும் அடையாற்றில் வந்தது அந்த ஏரித் தண்ணீர் மட்டுமல்ல. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, முடிச்சூர், ஆதனூர் பக்கத்து உபரி நீரும் இதே ஆற்றில்தான் சேர்கிறது. ஏரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது என் தப்பு. இனி தாம்பரம் மழையளவும் பலகையில் வரும்.

டிசம்பர் 1 இரவு தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை, கக்கூஸ் வழியாக வந்தது. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் சாக்பீஸ் கோடு போட்டபடி ஏறினேன். ஒன்பதாவது படியில் நின்றது. இரண்டாம் மாடி வீட்டில் இருபத்துமூன்று பேர் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கீழே முதல் மாடியில் இரண்டு வீடுகள் பூட்டிக் கிடந்தன. சாவியைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள் என்று ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருந்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. அவர்கள் இன்றும் வரவில்லை.

வரவு செலவு சுமாராகச் சமன். இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. பீரோவின் அடித்தட்டில் இருந்த பேரேட்டை வெயிலில் காயவைத்துப் பிரித்தபோது, பொருளாளர் மை பேனாவில் எழுதிய பக்கங்களெல்லாம் வெறும் நீலமாக இருந்தன. இதைச் சாக்காக வைத்து "நான் அப்போதே சந்தா கட்டிவிட்டேன்" என்பவர்களின் எண்ணிக்கை, மொத்த உறுப்பினர் எண்ணிக்கையைத் தொட்டுவிட்டது. ரசீது இருந்தால் காட்டுங்கள், சரி என்கிறேன்.

படகோடு வந்த மீனவர்களுக்கும், ராணுவத்தினருக்கும், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து நம் தெருச் சேற்றை அள்ளிய துப்புரவுப் பணியாளர்களுக்கும் நன்றி. நிர்வாகக் குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மின் மீட்டர் பெட்டிகளை ஒன்பதாவது படிக்கு மேலே ஏற்ற வேண்டும். நல்ல கயிறும் நான்கு டார்ச்சும் வாங்க வேண்டும். அதற்குச் சங்கத்தில் பணம் இல்லை. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்பதென்றால் சாக்பீஸ் பெட்டியோடு ஒப்படைக்கத் தயார். பொருளாளர் வாசலில் புது ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பால்பாயின்ட் பேனாதான்.