இழுக்காதே, முதலில் தள்ளு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தூத்துக்குடியிலேயே வேலை அமைந்தது பெரிய நிம்மதி. இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் வலது தோள்பட்டை இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை, தென்னைக்கு மட்டும் இரண்டு வண்டி எரு வாங்கிப் போட்டேன். நீ நாலு பக்கம் எழுதி அதில் மூன்று பக்கம், குழாய்களை இணைக்கும் கனெக்டர் கழல மாட்டேன் என்கிறது என்று காரின் பெட்ரோல் லைனைத் திட்டியிருக்கிறாய். அதற்கே வருகிறேன்.

முதலில் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வை. நானும் அதையே செய்து கெட்டவன்தான். போன வருஷம் பெட்ரோல் ஃபில்டர் மாற்றலாம் என்று வண்டிக்கு அடியில் படுத்தேன். ஒரு பக்கத்து கனெக்டர் சமர்த்தாகக் கழன்று வந்துவிட்டது. மறுபக்கம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் அசையவில்லை. நெம்பியதில் உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல் ஒன்று முறிந்ததுதான் மிச்சம். இழுக்க இழுக்க இன்னும் இறுகுகிறது என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் கை வழுக்கித்தான் விடை கிடைத்தது. பிடியை மாற்றும்போது கனெக்டரைத் தெரியாமல் உள்பக்கமாகத் தள்ளிவிட்டேன். நறநறவென்று மணல் அரைபடும் சத்தம், கூடவே ஒரு நூல் அளவு ஆட்டம். அட, இவ்வளவுதானா என்று இருந்தது.

நாம் பாலிடெக்னிக்கில் பார்த்த கார்பரேட்டர் வண்டிகளில் ரப்பர் குழாயும் ஹோஸ் கிளிப்பும்தானே? அங்கே பெட்ரோல் அழுத்தம் அரை பார்கூட இருக்காது. இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு லைனிலேயே 3 முதல் 4 பார் நிற்கிறது. கார் டயரில் இருப்பதே 2 பார் சொச்சம்தான். அதைத் தாங்கவும், தொழிற்சாலையில் ஒரே அழுத்தில் மாட்டவும்தான் இந்த குயிக் கனெக்டர். இரும்புக் குழாயின் நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு புடைப்பு இருக்கும். கனெக்டருக்குள் இருக்கும் பற்கள் அந்தப் புடைப்பைத் தாண்டிப் போய் அதன் முதுகில் உட்கார்ந்துகொள்ளும். நீ வெளியே இழுத்தால் பற்கள் புடைப்பின் மேல் இன்னும் அழுந்தும். அந்த நிலையில், பல்லை விரிக்கும் வளைய டூல் எதை நுழைத்தாலும் பல் விரியாது. உள்ளே தள்ளினால்தான் பல்லுக்கும் புடைப்புக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும்.

இது போக இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, இடுக்கில் போய் இறுகிக் கிடக்கும் சேறும் மணலும். உன் ஊர் உப்புக்காற்றுக்குத் துருவும் சேர்ந்திருக்கும். இன்னொன்று, கசியாமல் இருக்க உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்து குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பல் விடுபட்ட பிறகும் வராமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் இதுதான். இழுத்தால் வராது, இடவலமாகத் திருகினால் விட்டுவிடும்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடு. தானாக நின்றதும் இன்னும் இரண்டு விநாடி செல்ஃப் அடி, லைனில் நிற்கும் அழுத்தம் இறங்கட்டும். பிறகு பேட்டரி மைனஸைக் கழற்று. சைலன்சர் நன்றாக ஆறட்டும். மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டுக்கொண்டு அடியில் படுக்காதே. பெட்ரோல் ஒரு சொட்டுப் பட்டு அது உடைந்தால் கதை முடிந்தது. டாங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் எனக்கு ஆனதுபோல அக்குள் வரை வழியும். என் வீட்டில் இரண்டு நாள் கிட்டவே சேர்க்கவில்லை.

இடுக்கைத் தண்ணீரால் கழுவி, காற்றடித்து, துருவுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்துவிட்டு டீ குடிக்கப் போ. அரை மணி நேரமாவது ஊறட்டும். திரும்பி வந்து கனெக்டரைக் குழாயை நோக்கித் தள்ளு, இடவலமாகத் திருகு, மறுபடி தள்ளு. மணல் சத்தம் நின்றதும், தள்ளிய நிலையிலேயே டூலை நுழைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்புறம் இழு. கட்டிங் பிளேயர் வேண்டாம். நைலான் குழாய் சூட்டில் வெந்து வெந்து மொறுமொறுப்பாகியிருக்கும், நெரித்தால் விண்டுவிடும். ஹீட்டர் ஹோஸில் இருக்கிற கம்பி கிளிப் வகை வேறு. கம்பியை மேலே தூக்கினால் போதும், அதை எஞ்சின் ஆறியபின்தான் தொட வேண்டும்.

இதைப் பற்றிப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இந்த கனெக்டர்களைச் செய்கிற பெரிய கம்பெனிகளில் ஏரேமண்ட் ஒன்று. பிரான்ஸில் கிரெனோபிள் ஊர்க்காரர்கள், 1865-இல் தொடங்கியது. அந்த ஊர் கையுறைக்குப் பெயர்போனது. கையுறைக்கு பிரஸ் பட்டன் செய்து 1886-இல் காப்புரிமை வாங்கினார்கள். அந்த பிரஸ் பட்டனின் அதே ‘டிக்’ இப்போது பெட்ரோல் லைனில் கேட்கிறது. என்ன, பட்டன் இழுத்தால் வந்துவிடும், இது வராது.

மாட்டும்போது குழாய் நுனியைத் துடைத்து ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவு. ‘டிக்’ கேட்டதும் நம்பிவிடாதே, பின்பக்கமாக ஒரு முறை இழுத்துப் பார். பல் உடைந்த கிளிப்பைத் திரும்பப் போடாதே. எனக்கு அது தனியாகக் கிடைக்காமல் துண்டு லைனாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டியபின், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று தரம் போட்டுப் போட்டு எடு. பம்ப் ஓடி அழுத்தம் ஏறும். இணைப்பில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணு.

லைன் முழுதையும் மாற்ற வேண்டும் என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் சொன்னதாக எழுதியிருந்தாய். இதைச் செய்து பார்க்கும் வரை சரி சொல்லாதே. என் டூல் செட்டை இன்று பார்சலில் போட்டிருக்கிறேன். 5/16 (அங்குலம்) என்று போட்ட வளையம் உன் லைனுக்குச் சரியாக இருக்கும், ஏறக்குறைய 8 மி.மீ. லொடலொடவென்று இருந்தால் அடுத்த அளவை எடு. செட்டைத் திருப்பி அனுப்பும்போது பெட்டியில் இடம் நிறைய இருக்கும், நெத்திலிக் கருவாடு வைத்து அனுப்பு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்