பந்தை விட்டுக் காலைப் பார்

கொழிஞ்சாம்பாறை,
தை மாதம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கிழக்குக் காற்று கிளம்பிவிட்டது. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற வேகத்துக்கு, வாலிபால் பையன்கள் ஓங்கிப் போடுகிற சர்வீஸ் கோட்டைத் தாண்டிப் பனைமரத்தடியில் போய் விழுகிறது. எனக்கு உதடு வெடித்து வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.

உன் சின்னவன் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையம்) ஆறு வார கோர்ஸ் முடித்துவிட்டான், இனி அவனும் கோச் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். நானும் ஒரு காலத்தில் சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டினவன்தான். ஆனால் கிரவுண்டில் இறங்கினதும் கோர்ஸில் படித்தது எங்கே போனதென்று தெரியவில்லை. நம்மை ஆடவைத்த மாஸ்டர் எப்படிக் கத்தினாரோ அதே கத்தல், இடுப்பில் அதே கை. அப்படியே இருபது வருஷம் ஓடிற்று.

ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கும்போது ஒரு பழைய மாணவன் பிராக்டிஸை முழுசாக ஃபோனில் பிடித்துக் காட்டினான். ஒன்றரை மணி நேரத்தில் 'பந்தைப் பாருடா' என்று 43 தடவை சொல்லியிருக்கிறேன். எண்ணினவள் என் மகள். விரலை மடக்கி மடக்கிச் சிரித்தாள். பந்தைப் பார்க்காமல் எவன் வாலிபால் ஆடுவான்?

அப்போதுதான் ஜான் வுடன் பற்றிப் படித்தேன். அமெரிக்க பாஸ்கெட்பால் கோச். 1974-75 சீசனில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அவர் பிராக்டிஸில் உட்கார்ந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். மொத்தம் 2,326. அதில் சுமார் 75 சதவீதம், எதை எப்படிச் செய்வது என்கிற விவரம். வெறும் பாராட்டு 7 சதவீதத்தைத் தாண்டவில்லை, வெறும் திட்டும் அப்படியே. இன்னொன்று கேள்: யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் அவர் கோச்சாகச் சேர்ந்தது 1948இல், முதல் தேசியப் பட்டம் வந்தது 1964இல். அதிலிருந்து 12 சீசனில் 10 பட்டம். தினமும் பிராக்டிஸ் திட்டத்தை அட்டையில் எழுதிப் பத்திரப்படுத்தி, பிறகு எடுத்துப் பார்ப்பாராம்.

நானும் ஒரு நோட்டு வாங்கினேன். அதில் முதலில் எழுதினது ஒரு பையனைப் பற்றி. நன்றாக எம்புவான், ஆனால் ஸ்மாஷ் நெட்டுக்குத்தான் போகும். 'கையை நீட்டு' என்று இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒரு நாள் பந்தை விட்டுவிட்டு அவன் காலை மட்டும் பார்த்தேன். அடிக்கிறதுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர் அதைத் தொடுவதற்கு முன்பே இவன் ஓட ஆரம்பித்துவிடுகிறான். எம்பி இறங்கும்போதுதான் பந்து வருகிறது. கை என்ன செய்யும், பாவம்! சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, 'லிஃப்டர் கையை விட்டுப் பந்து கிளம்பினதும் இதைத் தாண்டு' என்றேன். பதினைந்து நாளில் சரியாயிற்று. அந்த இரண்டு வருஷத்தை அவனுக்கு யார் திருப்பித் தருவது?

நீ ரஹீம் சாகிப் புராணம் பாடுவாயே, இப்போதுதான் அது எனக்கு உறைக்கிறது. ஹைதராபாத்தில் வாத்தியாராக இருந்து இந்திய ஃபுட்பால் கோச் ஆனவர். 1951லேயே ஆசிய விளையாட்டுத் தங்கம் பார்த்துவிட்டார். 1962 ஜகார்த்தாவில் டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். ஆளை உட்காரவைக்காமல் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். ஃபைனலில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம், அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. ஆளை அத்தனை வருஷம் பார்த்திருந்தால்தானே அந்தத் தைரியம் வரும்?

என் லட்சணம் வேறு. 1998இல் லிபரோ (பின்வரிசையில் பந்தை எடுக்க மட்டும் ஆடுகிற ஆள்) வந்தபோது, இதென்ன கூத்து என்று ஒரு வருஷம் இறக்கவே இல்லை. ஒரு செட்டுக்கு 15 பாயிண்ட் போய் 25 வந்ததற்கும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். சின்னவனிடம் இதையெல்லாம் சொல்லாதே.

மாசியில் அவனை இங்கே அனுப்பு, பத்து நாள் என்னோடு கிரவுண்டில் நிற்கட்டும். பொள்ளாச்சி பஸ்ஸில் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் இறங்கச் சொல், நான் வண்டியில் வந்து கூட்டிக்கொள்கிறேன். விசில் என்னிடம் நாலு இருக்கிறது, அவன் நோட்டு மட்டும் கொண்டுவரட்டும். நீயும் வந்தால் பதநீர் குடிக்கலாம். முழங்கால் ஒத்துழைக்குமா? எனக்கு இடது கால் படி இறங்கும்போது முனகுகிறது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய லிஃப்டர்