பதினோராவது சட்டை

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

"ஆறு வருஷத்தில் நாலாவது ஊர் அப்பா, என்னை எங்கேயும் நிலைக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது" என்று சென்ற வாரம் நீ சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. ஓரிடத்தில் நின்று வேலை பார்ப்பவருக்குத்தான் பேர் என்று உன் பள்ளி நாட்களிலிருந்து சொல்லி வளர்த்தவன் நான். அது தவறான பேச்சு என்று இப்போது நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தவர் உனக்கும் தெரிந்த அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர், ஜெஃப் கிரீன்.

நீ வெளிநாடு புறப்படுவதற்கு முன், 2018 மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில், காபி ஆறுவதுகூடத் தெரியாமல் நாம் இருவரும் பார்த்த ஆட்டம் நினைவிருக்கிறதா? அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் கிழக்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம், பாஸ்டன் மண்ணில். தலையில் அடிபட்டிருந்த கெவின் லவ்வின் இடத்தில் கிளீவ்லாந்து கிரீனை இறக்கியது. அந்த அணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் எடுத்த 35 புள்ளிகளைத்தான் எல்லோரும் பேசினார்கள். முப்பது ஆண்டுகள் விசில் கட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் நின்றவன் என்பதால் என் கண் கிரீன் மீதே இருந்தது. 87-79 என்று முடிந்த ஆட்டத்தில் அவர் எடுத்த 19 புள்ளிகள் இல்லாவிட்டால் கிளீவ்லாந்துக்கு வெற்றியே இல்லை. "இவர் முன்னாடி இதே பாஸ்டன்லதான் இருந்தார் அப்பா" என்று நீ சொன்னாய். அதன் கனம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

2007-இல், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஐந்தாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்ததே பாஸ்டன்தான். அன்றிரவே ரே ஆலன் என்ற நட்சத்திர ஆட்டக்காரருக்கு ஈடாக சியாட்டிலுக்குக் கொடுத்துவிட்டது. ஓராண்டு கழித்து அந்த அணியே ஓக்லஹோமா சிட்டிக்குக் குடிபெயர்ந்தது. 2011-இல் மீண்டும் பாஸ்டனுக்கு வந்தார். அந்த டிசம்பரில், வழக்கமான உடல் பரிசோதனையில், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வீங்கியிருப்பது தெரிந்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் செல்லாமல் போனது. 2012 ஜனவரியில் கிளீவ்லாந்தில் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில், தொடர்ந்து வென்றுகொண்டிருந்த மியாமிக்கு எதிராக 43 புள்ளிகள் எடுத்தார். பாஸ்டன் இரண்டே புள்ளிகளில் தோற்றது. தோற்ற ஆட்டம்தான், ஆனாலும் எனக்கு அவருடைய ஆட்டங்களில் மிகப் பெரியது அதுவே.

பிறகு மெம்பிஸ், லாஸ் ஏஞ்சலஸ், ஒர்லாண்டோ, கிளீவ்லாந்து, வாஷிங்டன், யூட்டா. 2019 டிசம்பரில் யூட்டா அவரை விடுவித்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அணியே இல்லாமல் இருந்தவரை ஹூஸ்டன் பத்தே நாள் ஒப்பந்தத்தில் அழைத்தது. உயரமானவர்களை விட்டுவிட்டு வேகத்தை நம்பி ஆடிய அணி அது. வாழ்நாள் முழுக்க ஃபார்வர்டாக, அதாவது முன்வரிசை ஆட்டக்காரராக, ஆடியவர், 33 வயதில், தன்னைவிட உயரமும் எடையும் கூடிய சென்டர்களை, அதாவது கூடையருகே நிற்கும் நெடியவர்களை, தோளால் தாங்கி நிறுத்தும் வேலையை ஏற்றுக்கொண்டார். பத்து நாள் முடிந்ததும் பருவம் முடியும்வரை வைத்துக்கொண்டார்கள்.

நீ 'நிலைக்க விடவில்லை' என்கிறாய். அவரை விட்ட ஒவ்வோர் ஊருக்கும் அடுத்து, அழைத்த ஓர் ஊர் இருந்ததை எண்ணிப் பார், அம்மா. 2020 இறுதியில் புரூக்ளினில், சியாட்டிலில் தன்னோடு தொடங்கிய கெவின் டுரான்டுடன் மீண்டும் சேர்ந்தார். 2021-இல் மில்வாக்கிக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் டுரான்ட் 49 புள்ளிகள் எடுத்த அன்று, இவர் மூன்று புள்ளி எறிதல்கள் எட்டில் ஏழைப் போட்டு 27 எடுத்தார். பதினோராவது அணியான டென்வரில், 2023 ஜூனில், 36 வயதில் முதல் கோப்பையைத் தொட்டார். அதே கோடையில் மறுபடியும் ஹூஸ்டனுக்குப் பெட்டி கட்டினார்.

புது ஊரில் வேலையில் சேர்ந்ததும் முதல் காரியமாக முழு உடல் பரிசோதனை செய்துகொள். அவருக்கும் நோவு எதுவும் தெரியாமல், பரிசோதனையில்தான் தெரிந்தது. இதயத்துக்கான எக்கோவையும் கேட்டுச் செய். நம் குடும்பத்தில் உன் தாத்தாவுக்கு என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா