செயலாளரின் ஆண்டறிக்கை: கடும்பனியில் நம் குடியிருப்பு

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் மாதந்தோறும் கூடியது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மொட்டை மாடியில் நீர்க்கசிவு சரிசெய்யப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். இந்த அறிக்கையின் மீதியை அந்தக் குளிர்காலத்துக்கே ஒதுக்குகிறேன். நம் சங்கத்துக்கு இதற்கு முன் அப்படியொரு சோதனை வந்ததில்லை.

காலையில் விழுந்து மதியம் கரையும் பனி நமக்குப் பழக்கம்தான். இந்த முறை மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் வானம் பளிச்சென்று வெளுத்ததும், ஆபத்து விலகியது என்று எல்லோரும் நிம்மதியானோம். உண்மையில் கடுங்குளிர் அன்றுதான் தொடங்கியது. மேகம் இருக்கும்வரை அது ஒரு போர்வை மாதிரி. அது விலகியதும் தரையின் சூடு இரவோடு இரவாக மேலே போய்விடுகிறது. பகலில் வெயில் அடித்தாலும், புதிதாக விழுந்த பனி அதில் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. அன்று இரவு மைனஸ் 14 டிகிரி. காற்றும் சேர்ந்துகொண்டது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் செயற்குழு தவறு செய்தது. வாசல் பாதை வழுக்கியதால், வாங்கி வைத்திருந்த மூட்டை உப்பை எல்லாம் அந்த மைனஸ் 14 இரவில் கொட்டினோம். காலையில் பார்த்தால் பனிக்கட்டி மேல் உப்புக் கல் கல்லாக அப்படியே கிடந்தது. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரி வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே போகப் போக உருக்கும் வேகம் மிகவும் குறைந்துவிடும், மைனஸ் 21க்குக் கீழே பயனே இல்லை. கடுங்குளிருக்குக் கால்சியம் குளோரைடு என்ற வேறு வகை உப்பு வேண்டும், இல்லையென்றால் மணல். மணல் எதையும் உருக்காது, ஆனால் காலுக்குப் பிடிப்புக் கொடுக்கும். இன்னொன்றையும் அப்போதுதான் கற்றோம்: முதலில் பனியை வாரிவிட்டு, மிஞ்சிய மெல்லிய படலத்தின் மேல்தான் உப்பைத் தூவ வேண்டும். அள்ளிக் கொட்டிய உப்பு கரைந்து வேருக்கு இறங்கியதில் வேலியோரச் செடிகள் பாதி கருகிவிட்டன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பனி வார வருவதாக ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரர் முதல் இரண்டு நாள் வரவே இல்லை. நாமே மண்வெட்டி எடுத்தோம். இளைஞர்கள் முன்வந்ததற்கு நன்றி. அப்போது ஒரு உறுப்பினருக்கு நெஞ்சு இறுக்கிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் இதயம் தாங்காது. இனி இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ள யாரும் பனி வார வேண்டாம். மற்றவர்களும் தூக்கி எறியாமல் தள்ளிக்கொண்டு போகப் பாருங்கள், அடிக்கடி உள்ளே வந்து உட்காருங்கள்.

அடுத்தது குழாய். ஏ பிளாக் மாடிப்படிக்குக் கீழே உள்ள இரும்புக் குழாய் உறைந்து வெடித்தது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. குழாயில் உறைந்த இடத்துக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, அங்கேதான் பெரும்பாலும் வெடிக்கிறது. குளிர் இரவில் குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுக விடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான், அந்த அழுத்தம் இறங்கிவிடும். வெடித்தது உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. உறைந்திருக்கும்வரை பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். இரண்டு நாள் கழித்து இளகியபோது தரைத்தளம் முழுவதும் தண்ணீர். மெயின் வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டோர் ரூமில் பழைய நாற்காலிகள், கிழிந்த பேனர்கள், பெயிண்ட் டப்பாக்கள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. கண்டுபிடித்தால் துருப்பிடித்துத் திரும்ப மறுத்தது. பிளம்பர் வந்துதான் மூடினார். இப்போது புது வால்வு போட்டாயிற்று, சிவப்பு பெயிண்டும் அடித்திருக்கிறோம். அதன் முன்னால் தயவுசெய்து யாரும் எதையும் வைக்காதீர்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தின் தகரக் கூரை வளைந்ததற்கும் காரணம் பாரம்தான். ஒரு சதுர மீட்டரில் 30 செ.மீ. உயரம் கிடக்கும் உலர்ந்த புதுப்பனி சுமார் 30 கிலோதான் இருக்கும். அதே உயரம் ஈரப்பனியாக இருந்தால் 100 கிலோவையும் தாண்டிவிடும். புதுக் கூரைக்கான மதிப்பீடு பொருளாளர் அறிக்கையில் உள்ளது.

மின்சாரம் போன இரவில் ஒரு வீட்டில் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். குழந்தைக்குத் தலைவலி, வாந்தி என்றதும் பக்கத்து வீட்டு அம்மாதான் சந்தேகப்பட்டுக் கதவு ஜன்னலைத் திறக்க வைத்தார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கரி, கேஸ் அடுப்பு எதையும் அறையைச் சூடாக்கப் பயன்படுத்தவே கூடாது. ஜெனரேட்டரை வெளியே, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். பனியில் புதைந்த காரை ஸ்டார்ட் செய்யும்முன் பின்பக்கப் புகைக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வீட்டுக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கித் தரச் செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது.

இனி, நான் மறக்க முடியாத ஒன்று. ஐந்தாம் நாள் மாலை, மூன்றாம் தளத்தில் தனியாக இருக்கும் பெரியவரின் கதவைத் தட்டினேன். போர்வை எதுவும் இல்லாமல், ஒரு மெல்லிய சட்டையோடு வந்து திறந்தார். உள்ளே ஹீட்டர் அணைந்து கிடந்தது. "குளிரலையா ஐயா?" என்றேன். "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். ஆனால் வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. சட்டைப் பொத்தானைப் போட முயன்றார், விரல்கள் ஓட்டையைக் கண்டுபிடிக்கவே இல்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்துத் திரும்பியிருப்பேன். என்னோடு வந்த செவிலியர் சகோதரிதான் அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவர் நடுங்கவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது" என்றார்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் முதலில் நடுக்கம் வரும். மேலும் குறைந்தால் நடுக்கமே நின்றுவிடும், பேச்சு குழறும், குளிரே தெரியாது. வயதானவர்களுக்கு இது வீட்டுக்குள்ளேயே நடக்கும். அவரைப் படுக்க வைத்து, தலைக்குத் தொப்பி போட்டு, போர்வை சுற்றி, மார்புப் பக்கம்தான் முதலில் சூடு கொடுத்தோம். கைகாலைத் தேய்க்கக் கூடாது என்று சகோதரி தடுத்தார். குளிர்ந்த ரத்தம் திடீரென இதயத்துக்குத் திரும்பினால் ஆபத்தாம். ஆம்புலன்ஸ் தெருமுனைவரைதான் வர முடிந்தது. அங்கிருந்து நம் வாசல்வரை இருட்டில் பதினைந்து பேர் சேர்ந்து பாதை வெட்டினார்கள். சில நாளில் பெரியவர் நலமாக வீடு திரும்பினார். இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று நான் கதவைத் தட்டியது தற்செயல். பராமரிப்புக் கட்டண ரசீது கொடுக்கத்தான் போனேன். ஒருவரின் உயிர் ரசீதை நம்பி இருக்கக் கூடாது. அதனால் செயற்குழு ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறது. தனியாக இருப்பவர்கள், முதியவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே தளத்தில் ஒரு பொறுப்பாளர். கடுங்குளிர் எச்சரிக்கை வந்தால் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை நேரில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். போனில் கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். ஆளைப் பார்க்க வேண்டும், அறைக்குள் கால் வைத்து எவ்வளவு குளிர் என்று உணர வேண்டும். விருப்பமுள்ளவர்கள் மாற்றுச் சாவியைப் பொறுப்பாளரிடம் கொடுத்து வைக்கலாம், கட்டாயமில்லை.

மணல், கால்சியம் குளோரைடு, ஆறு மண்வெட்டிகள் வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்தாயிற்று. வெளிப்புறக் குழாய்களுக்கு உறை சுற்றும் வேலை குளிர் தொடங்கும்முன் முடியும்.

பொறுப்பாளர் பட்டியலில் பி பிளாக் இரண்டாம் தளத்துக்கு மட்டும் இன்னும் பெயர் வரவில்லை. அங்கே தனியாக இருப்பவர்கள் இரண்டு பேர். கூட்டம் முடிந்ததும் நான் நுழைவாயில் பக்கம் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்