எழுமலைப் பகுதி ஊர் ஆம்புலன்ஸ் குழுவுக்குப் பயிற்சியும் வண்டி நிறுத்த இடமும் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர் ஆம்புலன்ஸ் தன்னார்வக் குழு,
எழுமலை சுற்றுவட்டாரம்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: தன்னார்வ ஆம்புலன்ஸ் குழு உறுப்பினர்களுக்கு முதலுதவிப் பயிற்சி, வண்டி நிறுத்த இடம், 108 சேவையுடன் தொடர்பு ஆகியவை வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் ‘ஊர் வண்டி’ என்றால் அது பஸ் இல்லை, எங்கள் ஆம்புலன்ஸ்தான். பழைய மாருதி ஆம்னி. ஆம்புலன்ஸ் என்று முறையாகப் பதிவாகியுள்ளது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கின்றன. குழுவையும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு செய்திருக்கிறோம். நாங்கள் 14 பேர். டீக்கடைக்காரர், வெல்டிங் பட்டறைக்காரர், டிராக்டர் ஓட்டுகிறவர்கள், தையல் மிஷின் வைத்திருக்கும் ஓர் அக்கா, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், கல்லூரிப் பையன்கள் என்று எல்லாரும் உண்டு. யாரும் சம்பளம் வாங்குவதில்லை. வண்டிச் சாவி டீக்கடைக் கல்லாவுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும். போன் நம்பரை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

பெட்ரோலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். தங்களுக்கும் அந்தக் கேள்வி வரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேங்க் பாஸ்புக்கை விட மொய் நோட்டைப் பத்திரமாக வைக்கிற ஊர் எங்களுடையது. கல்யாணம், காதுகுத்து, புதுவீடு என எது நடந்தாலும் மொய் எழுதுகிறவர் கடைசிப் பக்கத்தில் ‘ஊர் வண்டி’ என்று தனியாக ஒரு வரி போட்டுவிடுவார். வந்தவர்கள் 50, 100 என்று அந்த வரியில் எழுதிவிட்டுப் போவார்கள். மற்ற மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும், இதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வண்டியில் ஏற்றியவரிடம் காசு கேட்பதும் இல்லை. ஆகவே இந்த மனு பணம் கேட்டு எழுதியது அல்ல.

108 இருக்கும்போது நீங்கள் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2008-இல் 108 வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிரசவங்கள் எப்படி மாறின என்பதை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். அந்தச் சேவைக்குப் போட்டியாக ஒருநாளும் வண்டி எடுத்ததில்லை. போன் வந்ததும் முதலில் கேட்பதே, ‘108-க்கு அடிச்சீங்களா?’ என்பதுதான். அடிக்கவில்லை என்றால் நாங்கள் அடிப்போம். அதற்கு அப்புறம்தான் ஆணியிலிருந்து சாவி இறங்கும். ஆனால் ஒரு வண்டி ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். பக்கத்து வண்டி ஒரு கேஸை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டால் திரும்பி வரும்வரை அடுத்த வண்டி தூரத்திலிருந்துதான் வர வேண்டும். உசிலம்பட்டியிலிருந்தே மதுரை சுமார் 40 கிலோமீட்டர். செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை தாண்டிக் காளவாசலில் நின்று நின்று கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு (அரசு இராசாசி மருத்துவமனை) போய்ச் சேர வேண்டும். அந்த இடைவெளியில் ஒருவர் மயங்கி விழுந்தால் தெருவில் முதலில் ஓடி வருவது எங்களில் ஒருவர்தான்.

அவசரம் இல்லாத, ஆனால் விட்டுவிடவும் முடியாத வேலைகளும் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவர், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் பாட்டி, செக்கப்புக்குப் போக வேண்டிய, பஸ் படி ஏற முடியாத பெரியவர். இவர்களுக்காக 108-ஐக் கூப்பிடுவது சரியில்லை. வாடகைக் காருக்குக் கொடுக்கக் காசும் இருக்காது. மாதத்தில் பாதி நாள் எங்கள் வண்டி ஓடுவது இவர்களுக்காகத்தான். இறந்தவர்களை ஏற்றுவதில்லை. அதற்கு அரசின் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, 155377-க்கு நாங்களே போன் செய்து கொடுப்போம்.

வண்டியில் மூன்று பேர் போவோம். ஒருவர் ஓட்டுவார், ஒருவர் நோயாளியின் தலைமாட்டில் இருப்பார். மூன்றாவது ஆள் எதற்கு என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் புரியாது. கிளம்பும் முன் வீட்டிலிருந்து ஆதார், காப்பீட்டு அட்டை, தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளை ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொள்வது அவர் வேலை. மாத்திரைப் பெயர் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, அட்டையைக் காட்டினால் டாக்டருக்குப் புரிந்துவிடும். பெரியாஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற வீட்டுக்காரர்களைக் கூட்டிப் போய்ச் சீட்டுப் போடும் இடம், ஸ்கேன், ரத்த வங்கி என்று காட்டிவிட்டு, ஓர் ஆள் உட்கார இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் அவர் திரும்புவார். உள்ளதைச் சொன்னால், சைரனை விட இந்த வேலைக்குத்தான் ஊரில் எங்களுக்கு மரியாதை. (சைரன் பற்றி ஒரு வார்த்தை: நோயாளி இல்லாத வண்டிக்குச் சைரன் போடக் கூடாது என்பது எங்கள் குழுவின் கண்டிப்பான விதி. ஒருமுறை மீறிய பையனை ஒரு மாதம் ஸ்டியரிங் பக்கம் விடவில்லை.)

இனி, எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மனுவை எழுத வைத்ததே அதுதான்.

எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டங்கள் அதிகம். சந்தைக்குப் பூ போய்ச் சேர வேண்டும் என்பதால் விடிய மூன்று மணிக்கே நெற்றியில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் பூ எடுக்கப் போவார்கள். ஒருநாள் அப்படிப் போன ஓர் அக்காவின் கணுக்காலுக்கு மேலே பாம்பு கடித்துவிட்டது. எங்கள் ஆள் ஐந்தே நிமிடத்தில் பைக்கில் போய்விட்டார். போனவர், சின்ன வயதிலிருந்து பார்த்தபடி, தோளில் கிடந்த துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டார். விஷம் ஏறக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். கூட இருந்த எங்களில் யாரும் தடுக்கவில்லை, எங்களுக்கும் அதுதான் தெரியும். மருத்துவமனையில் இறக்கும்போது பாதம் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. மருந்தை ஏற்றிக்கொண்டே டாக்டர் அந்தக் கட்டைப் பதமாக அவிழ்த்தார். பிறகு எங்களைத் தனியே கூப்பிட்டு, ‘கடித்த பாம்பு பாதி, நீங்க கட்டின துண்டு பாதி’ என்றார். கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. காலை அசைக்காமல் ஒரு பலகையோ குச்சியோ வைத்து லேசாகக் கட்டி, நடக்க விடாமல், கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற இடத்துக்கு நேராக வர வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிக் கொடுக்க அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அக்கா பிழைத்துக்கொண்டார், இப்போதும் பூ எடுக்கத்தான் போகிறார். ஆனால் காலைச் சற்று இழுத்து நடக்கிறார். டீக்கடையைத் தாண்டி அவர் போகும்போது துண்டு கட்டியவர் தலையைத் தூக்குவதில்லை.

2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அரசு அவ்வளவு கவனம் எடுக்கும் விஷயத்தில் முதலில் கை வைக்கும் எங்களுக்கு அரிச்சுவடி தெரியாமல் இருப்பது நியாயமில்லை. இதயம் நின்று மூச்சில்லாமல் விழுந்தவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதை நாங்கள் செல்போன் வீடியோ பார்த்துத்தான் கற்றோம். தலையணையில் அழுத்திப் பழகினோம். சரியாகத்தான் செய்கிறோமா என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே பொம்மை வைத்துக் கற்றுத் தரும் முறையான பயிற்சியை அரசு இராசாசி மருத்துவமனை மூலமாகவோ, எங்கள் பகுதி சுகாதாரத் துறை மூலமாகவோ ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏற்பாடு செய்துதர வேண்டுகிறோம். நெஞ்சை அழுத்துவது, ரத்தப்போக்கை நிறுத்துவது, கழுத்தெலும்பு அடிபட்டவரைத் தூக்குவது, பாம்புக்கடி, வழியில் பிரசவம் என்று இந்த ஐந்தும் இருந்தால் போதும். வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் 14 பேரும் வந்துவிடுவோம்.

அடுத்தது இடம். வண்டி இப்போது ஒரு புளியமரத்தடியில் நிற்கிறது. சித்திரை வெயிலில் நிழல் நகர்ந்துவிட்டால் உள்ளே வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் சூடேறுகிறது. அதனால் தினமும் அதைக் கழற்றித் தையல் அக்கா வீட்டுத் திண்ணைக்கும், அழைப்பு வந்தால் மறுபடி வண்டிக்குமாக இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அழைப்பு வந்த நேரத்தில் போகிற அந்த மூன்று நான்கு நிமிடம் எங்களுக்குப் பொறுக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய அரசுப் புறம்போக்கில் ஒரு வண்டி நிற்கும் அளவு இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும். தகரக் கொட்டகையை எங்கள் பட்டறைக்காரரே போட்டுக்கொள்வார். காலி சிலிண்டரை நிரப்ப மதுரைக்குப் போகாமல் உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் மாற்றிக்கொள்ள வழி இருந்தால் அதையும் பரிசீலிக்க வேண்டுகிறோம், செலவைக் கட்டிவிடுகிறோம்.

108-க்கு அடித்தால் போனை எடுப்பவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை. எங்கள் பக்கம் இரண்டு ஊருக்கு ஓர் ஊர் ‘பட்டி’ என்றுதான் முடியும். ஒரே பெயரில் வேறு வட்டத்திலும் ஊர் இருக்கும். பதற்றத்தில் பேசுகிறவர் ‘நம்ம ஊரு கோயில்கிட்ட’ என்பார். தவறு பேசுகிறவருடையதுதான். அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டம், ஊராட்சி, அடையாளம் என்று வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொடுத்து வருகிறோம். எங்கள் குழுவின் போன் நம்பரை இப்பகுதிக்கு வரும் 108 பணியாளர்களிடம் கொடுத்து வைத்தால் மெயின் ரோட்டில் பைக்கோடு நின்று வழிகாட்டி அழைத்து வருவோம். அதற்கு ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்துதந்தால் போதும்.

விபத்தில் அடிபட்டவரைத் தொட்டால் சாட்சிக்கு அலைய வேண்டும் என்று இன்னமும் ஜனங்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். உதவுகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது என்பதையும், ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம் என்பதையும் நாங்கள் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். தங்கள் அலுவலக முத்திரையுடன் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு பலகை வைத்தால் நம்புவார்கள். அப்புறம், ஊர்க்காரர்களே மண்ணையும் சிமென்டையும் குவித்துப் போட்ட வேகத்தடைகள். தண்டுவடத்தில் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு அவற்றின் மேல் ஏறி இறங்கும்போது அவர் போடும் சத்தத்தைக் கேட்டால் யாரும் அப்படிப் போடமாட்டார்கள். தாங்கள் தலைமை வகிக்கும் சாலைப் பாதுகாப்புக் குழுவில் இதைப் பேசி, முறையான அளவில் மாற்றி, வெள்ளைக் கோடாவது அடித்துத்தர ஆவன செய்ய வேண்டுகிறோம்.

வருவாய் ஆய்வாளரோ மருத்துவ அலுவலரோ விசாரணைக்கு வருவதானால் முன்தகவல் தேவையில்லை. ஆணியில் சாவி இருந்தால் வண்டி மரத்தடியில் நிற்கும். சாவி இல்லையென்றால் டீக்கடையில் சற்று உட்காரச் சொல்லுங்கள், போன வண்டி வந்துவிடும். லாக் புத்தகம், மொய் வரவு செலவு நோட்டு இரண்டும் கல்லாவுக்கு அடியிலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள் 14 பேர்
(கையொப்பமும் ஒரு கைநாட்டும்)

இணைப்பு: வண்டிப் பதிவுச் சான்று, சங்கப் பதிவுச் சான்று, இடத்தின் கைவரைபடம்.